மாரியோவில் ஒரு நொடியைக் குறைக்க எத்தனை பேர் வேண்டும்?

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமை ஒருவர் எவ்வளவு வேகமாக முடிக்க முடியும்? 2007ல் இந்தக் கேள்விக்குப் பதில் 5 நிமிடம். 2023ல் பதில் 4 நிமிடம் 54.631 நொடி. இடையில் ஓடியது 16 வருடம், குறைந்தது ஐந்து நொடிச் சொச்சம். இந்த ஐந்து நொடிக்காக எத்தனையோ பேர் இரவு பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள். "இதற்கா இவ்வளவு பாடு?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்தவரை முழுமையாகப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒரு கேமை முடிந்தவரை வேகமாக முடிக்கும் இந்த ஓட்டங்களுக்கு ஸ்பீட்ரன் என்று பெயர். நான் இந்த ஸ்பீட்ரன் வரலாற்றைப் பல வருடங்களாக ஆசையோடு பின்தொடர்ந்து வருகிறேன். முதலில் என்னை ஈர்த்தது கைவேகம். பிறகு மெல்ல மெல்ல இன்னொன்று புரிந்தது. ரெக்கார்ட் பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒரு கூட்டம். ஒருவர் கண்டுபிடிப்பார், இன்னொருவர் அதைப் பிரித்து ஆராய்வார், மூன்றாமவர் அதைச் சாதாரண விரல்களால் செய்யக்கூடிய முறையாக மாற்றுவார், நான்காமவர் ரெக்கார்டை உடைப்பார். இந்த நாலு பேரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள் என்பதுதான் இதில் அழகு.

எதை அளக்கிறார்கள்?

முதலில் அடிப்படை. இந்த கேம் ஜப்பானில் 1985 செப்டம்பர் 13 அன்று நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வெளிவந்தது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுக்காவும் வடிவமைத்தது. மொத்த கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கும். அமெரிக்காவில் அதே கருவி என்இஎஸ் என்ற பெயரில் விற்றது. தொண்ணூறுகளில் நம் ஊரில் வளர்ந்தவர்கள் பலருக்கு இது நகல் கன்சோல்கள் வழியாக, ஒரே கார்ட்ரிட்ஜில் நூற்றுக்கணக்கான கேம் என்று அச்சிட்டு விற்றார்களே, அதன் வழியாக அறிமுகம். "டிவி கேம்" என்றாலே மாரியோ என்று இருந்த வீடுகள் உண்டு.

கேமில் மொத்தம் 8 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 4 லெவல், ஆக 32. ஆனால் வேகமாக முடிக்க நினைப்பவர் எல்லாவற்றையும் ஆடத் தேவையில்லை. 1-2ல் உள்ள ரகசிய அறையில் இருந்து நேராக நான்காம் உலகத்துக்குத் தாவலாம். 4-2ல் இருந்து நேராக எட்டாம் உலகத்துக்கு. ஆக ஆட வேண்டியவை 1-1, 1-2, 4-1, 4-2, பிறகு 8-1 முதல் 8-4 வரை. மொத்தம் எட்டே லெவல். இந்தப் பிரிவுக்கு "எனி பர்சென்ட்" என்று பெயர். எப்படியாவது முடித்தால் போதும், எத்தனை சதவீதம் ஆடினாய் என்ற கேள்வி இல்லை.

கடிகாரம் தொடங்குவது 1-1ல் திரையின் மேல் மூலையில் 400 என்ற எண் தோன்றும் கணத்தில். நிற்பது 8-4ன் முடிவில் வில்லன் பவுசருக்குப் பின்னால் இருக்கும் கோடரியை மாரியோ தொடும் கணத்தில். வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் நேரம் பட்டியலில் ஏறும்.

அமெரிக்க, ஜப்பானியக் கருவிகள் நொடிக்கு 60 ஃபிரேம் கணக்கில் ஓடுபவை. துல்லியமாகச் சொன்னால் 60.0988. ஐரோப்பாவுக்கு வந்த பதிப்பு நொடிக்கு 50 ஃபிரேம். அதில் மாரியோவின் வேகமும் வேறு மாதிரி அமைக்கப்பட்டிருப்பதால் இரண்டையும் ஒப்பிடுவதில்லை. இந்தப் பதிவில் நான் சொல்லும் எண்கள் எல்லாம் 60 ஃபிரேம் பதிப்பைச் சேர்ந்தவை. ஒரு ஃபிரேம் என்றால் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

21 ஃபிரேமுக்கு ஒரு பஸ்

இந்த விளையாட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நுணுக்கம் தெரிந்தால் போதும். அதன் பெயர் "ஃபிரேம் ரூல்".

ஒரு லெவலை முடித்ததும் அடுத்த லெவல் உடனே வந்துவிடாது. லெவல் முடிந்ததா என்று கேம் ஒவ்வொரு கணமும் பார்ப்பதில்லை. 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. 21 ஃபிரேம் என்றால் சுமார் 0.35 நொடி. இதை விளக்க மாரியோ ஆட்டக்காரர்கள் எல்லோரும் சொல்லும் உதாரணம் பஸ். ஸ்டாண்டில் இருந்து 21 ஃபிரேமுக்கு ஒரு பஸ் கிளம்புகிறது. நீங்கள் பஸ் கிளம்ப ஒரு ஃபிரேம் இருக்கும்போது ஓடிவந்து ஏறினாலும், 20 ஃபிரேம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாலும், கிளம்பும் நேரம் ஒன்றுதான். ஆனால் ஒரே ஒரு ஃபிரேம் தாமதமாக வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு 21 ஃபிரேம் நிற்க வேண்டும்.

இதன் விளைவு என்ன தெரியுமா? ஒரு லெவலில் 5 ஃபிரேம் வேகமாக ஓடுகிற புது வழியை ஒருவர் கண்டுபிடிக்கிறார் என்று வையுங்கள். அதனால் முந்தைய பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை என்றால் அந்தக் கண்டுபிடிப்பால் ஒரு ஃபிரேம்கூட மிச்சமாகாது. அதே சமயம், பயனற்றது என்று ஒதுக்கிய 5 ஃபிரேமும், வேறொருவர் கண்டுபிடித்த 8 ஃபிரேமும், இன்னொருவர் கண்டுபிடித்த 4 ஃபிரேமும் சேர்ந்தால் திடீரென்று முந்தைய பஸ் கைக்கு எட்டிவிடும். ஆக, இந்த கேமில் சின்னச் சின்னக் கண்டுபிடிப்புகள் வருடக்கணக்கில் சும்மா கிடந்து, பிறகு ஒருநாள் ஒன்றுசேர்ந்து ரெக்கார்டாக மாறும். யாரோ எப்போதோ குறித்து வைத்தது வீணாகாது.

ஏழு லெவலுக்கு இந்த விதி உண்டு. கடைசி லெவலான 8-4க்கு மட்டும் கிடையாது. கோடரியைத் தொட்டால் கடிகாரம் நின்றுவிடும். அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் கணக்கு.

முதலில் வந்த கோபம்

2003ல் இணையத்தில் ஒரு வீடியோ பரவியது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 கேமை ஒருவர் சுமார் 11 நிமிடத்தில் முடிக்கிறார். ஒரு அடிகூடப் படாமல், பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே நடனம் ஆடுவதுபோல ஓடுகிறார். செய்தவர் மோரிமோட்டோ என்ற ஜப்பானியர். பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள். பிறகுதான் தெரிந்தது: அவர் கேமைக் கணினியில், எமுலேட்டர் என்ற மென்பொருளில் மெதுவாக ஓட்டி, தவறு நேரும் இடத்தில் பின்னால் போய்த் திருத்தி, துண்டு துண்டாகச் சேர்த்து உருவாக்கியது அது. மனிதன் கையால் ஒரே மூச்சில் ஆடியதில்லை. பலர் ஏமாற்றப்பட்டதாக நினைத்துக் கோபப்பட்டார்கள்.

அந்தக் கோபத்தோடு கதை முடிந்திருந்தால் பெரிய இழப்பாகியிருக்கும். அந்த வீடியோவைப் பார்த்து உந்துதல் பெற்ற பிஸ்க்விட் என்ற ஃபின்லாந்து நிரலாளர் அதே வருடக் கடைசியில் இந்த முறை ஓட்டங்களுக்கென்றே ஒரு தளத்தைத் தொடங்கினார். பின்னாளில் டாஸ்வீடியோஸ் என்று பெயர் பெற்றது அதுதான். "டூல் அசிஸ்டட் ஸ்பீட்ரன்", சுருக்கமாக டாஸ். மனிதச் சாதனைப் பட்டியலோடு அதைக் கலக்க மாட்டோம், கருவியின் துணையோடு செய்தது என்று வெளிப்படையாகச் சொல்வோம் என்ற ஒழுங்கு அமைந்தது. அந்த நேர்மை அமைந்ததும் சண்டை ஓய்ந்து, டாஸ் ஆசிரியராக மாறியது. ஒரு லெவலில் அதிகபட்சம் என்ன சாத்தியம் என்பதை அது காட்டும். அதில் எதையெல்லாம் மனிதக் கை செய்ய முடியும் என்று தேடுவது ஆட்டக்காரர்களின் வேலை. இன்று மாரியோ ஓட்டங்களை ஒப்பிடப் பலரும் வைத்துக்கொள்ளும் டாஸ் நேரம் 4:54.265.

மனிதர்கள் பக்கத்தில், அந்தக் காலத்தில் சாதனைகளைச் சேகரித்து வைத்த முக்கியமான இடம் ஸ்பீட் டெமோஸ் ஆர்க்கைவ். குவேக் கேமின் ஓட்டங்களுக்காகத் தொடங்கிய அந்தத் தளம் பிறகு எல்லா கேம்களுக்கும் கதவைத் திறந்தது. அங்கேதான் ஆண்ட்ரூ கார்டிகிஸ் என்ற அமெரிக்க இளைஞர் 2007ல் 5:00 என்ற நேரத்தைப் பதிவு செய்தார். பிறகு அவரே 4:59. பிறகு 2011 டிசம்பரில் 4:58. ஐந்து நிமிடச் சுவரை உடைத்தது மட்டும் அவருடைய சாதனை இல்லை. டாஸ் காட்டிய தந்திரங்களை உண்மையான கருவியில், உண்மையான கன்ட்ரோலரில் செய்து பார்த்து, இது முடியும், இது இப்போதைக்கு முடியாது என்று பிரித்துக் கொடுத்த முன்னோடிகளில் அவர் முக்கியமானவர். அதே ஆர்க்கைவ் ஆட்கள் 2010 ஜனவரியில் கேர் என்ற தொண்டு நிறுவனத்துக்காக நிதி திரட்டத் தொடங்கியதுதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த கேம்ஸ் டன் குவிக் விழா.

கொடிக்கம்பத்தின் அடிக்கல்

இனி கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

நம் எட்டு லெவல்களில் ஐந்து, கொடிக்கம்பத்தில் முடிகின்றன. மாரியோ கம்பத்தைத் தொட்டதும் சறுக்கி இறங்குவார், கொடி மெல்லக் கீழே வரும், பிறகு கோட்டைக்குள் நடந்து போவார். நாம் சின்ன வயதில் ரசித்த காட்சி. ஸ்பீட்ரனருக்கு அது வீணாகும் நேரம். கம்பத்தின் உச்சியில் தொட்டால் 5000 புள்ளி என்று நாம் ஆசைப்பட்டோமே, அதற்கு இங்கே மதிப்பே இல்லை. மீதி நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 என்று இருந்தால் வாணவேடிக்கை வேறு வரும். அழகான வேடிக்கைதான், ஆனால் ரெக்கார்டுக்கான ஓட்டம் அங்கேயே முடிந்துபோகும்.

கொடி இறங்குவதைத் தவிர்க்க முடியுமா? முடியும். கம்பத்தின் அடியில் ஒரு கல் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? மாரியோ மிகச் சரியான இடத்தில் அந்தக் கல்லுக்குள் லேசாக நுழைந்து கம்பத்தைத் தொட்டால், கேம் குழம்பிக் கொடியை இறக்காமலேயே அவரைக் கோட்டைக்கு அனுப்பிவிடும். இதுதான் "ஃபிளாக்போல் கிளிட்ச்".

மிகச் சரியான இடம் என்று சொன்னேன். எவ்வளவு சரி? மாரியோவின் இடத்தை கேம் பிக்சலில் மட்டும் கணக்கிடவில்லை. ஒவ்வொரு பிக்சலையும் 16 பங்காகப் பிரித்துக் கணக்கிடுகிறது. இதற்குச் சப்பிக்சல் என்று பெயர். முழு வேகத்தில் மாரியோ ஒரு ஃபிரேமுக்கு இரண்டரைப் பிக்சல் நகர்கிறார். அந்த வேகத்தில் ஓடிவரும்போது, திரையில் கண்ணுக்கே தெரியாத சப்பிக்சல் கணக்கு சரியாக இருக்க வேண்டும், குதிப்பதும் திரும்புவதும் அந்தந்த ஃபிரேமில் நடக்க வேண்டும். டாஸ் ஓட்டங்களில் இது வெகு நாளாக இருந்தது. மனிதர் ஓட்டத்தில் இதைத் தொடர்ந்து செய்வது கனவு என்று நினைத்தார்கள்.

அந்த நினைப்பு எப்படி மாறியது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யாருடைய விரலும் திடீரென்று வேகமாகிவிடவில்லை. "செட்டப்" என்ற முறை வளர்ந்தது. 1-1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டக்காரர் நடுவில் ஒரு பைப்புக்குள் இறங்கி, நிலத்தடி அறை வழியாக வேறொரு பைப்பில் வெளியே வருவார். வெளியே வரும்போது மாரியோ நிற்கும் இடம் எப்போதும் ஒன்றே, சப்பிக்சல் உட்பட. ஆக, அந்தக் கணத்தில் இருந்து எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்துவிட்டால், அதே வரிசையைத் திரும்பச் செய்யும்போது அதே முடிவு வந்தே தீரும். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகக் குதிப்பதற்குப் பதிலாக, இந்தக் கல்லில் கால் பட்டதும் இத்தனை நேரம் அழுத்து, இந்த இடத்தில் ஒரு கணம் இடது பக்கம் தட்டு என்று ஒரு செய்முறை உருவானது. இப்படி 1-1, 4-1, 8-3 ஆகிய லெவல்களில் கொடி இறங்குவதைத் தவிர்ப்பது இன்று முன்னணி ஆட்டக்காரர்களின் வழக்கமான பாடம்.

8-2ல் மட்டும் வழி வேறு. அங்கே பீரங்கியில் இருந்து வரும் புல்லட் பில் சரியான உயரத்தில், சரியான நேரத்தில் கொடிக்கம்பத்தை நோக்கிப் பறந்து வர வேண்டும். மாரியோ அதை மிதித்துத் துள்ளும் துள்ளலில் அடிக்கல்லுக்குள் நுழைவார். பார்க்கும்போது அதிர்ஷ்டம் என்று தோன்றும். இந்த கேமில் எதிரிகளின் நடத்தை எல்லாம் உள்ளே ஓடும் கணக்கின்படிதான். இருந்தாலும் ஓட்டத்தின் நடுவில் இருக்கும் மனிதருக்கு அந்த புல்லட் வரும் வரை நெஞ்சு படபடக்கத்தான் செய்யும்.

4-2: எல்லோரையும் படுத்திய லெவல்

எந்த மாரியோ ஓட்டக்காரரைக் கேட்டாலும் 4-2 என்றதும் பெருமூச்சு விடுவார். ரெக்கார்ட் வரலாறுகளை வீடியோவாகச் சொல்லும் சம்மனிங் சால்ட் இந்த ஒரே லெவலுக்கென்று ஒரு முழு வீடியோ செய்திருக்கிறார் என்றால் பாருங்கள்.

அங்கே எட்டாம் உலகத்துக்குப் போகும் ரகசிய வழி, ஒரு கல்லை முட்டினால் முளைக்கும் செடியில் ஏறிப் போவது. செடி முளைத்து, வளர்ந்து, அதில் ஏறி முடிக்க நேரம் ஆகும். அந்த இடத்தைத் தாண்டி ஒரு பைப் இருக்கிறது. அது சாதாரணமாகக் காசுகள் இருக்கும் நிலத்தடி அறைக்குப் போகும்.

இப்போது கேமின் உள்ளே நடப்பதைப் பாருங்கள். செடியில் ஏறினாலும் பைப்பில் இறங்கினாலும் "அடுத்து எங்கே" என்ற முகவரியை கேம் ஒரே இடத்தில்தான் எழுதி வைக்கிறது. திரை நகர நகர அந்த முகவரி மாறும். முதலில் செடியின் முகவரி, அதாவது தாவல் அறை. திரை இன்னும் நகர்ந்ததும் அது அழிந்து பைப்பின் முகவரி, அதாவது காசு அறை. கவனியுங்கள்: முகவரியை மாற்றுவது மாரியோ நிற்கும் இடம் இல்லை, திரை நகர்ந்த தூரம். சாதாரணமாக மாரியோ திரையின் நடுப்பகுதியிலேயே இருப்பதால் இரண்டும் ஒன்றாகவே போகும். மாரியோவை மட்டும் கொஞ்சம் வலது பக்கம் தள்ளிவிட்டால்? திரை போதுமான அளவு நகர்வதற்குள் அவர் பைப்பை அடைந்துவிடுவார். முகவரி இன்னும் மாறியிருக்காது. காசு அறைக்குப் போக வேண்டிய பைப் நேராகத் தாவல் அறைக்குக் கொண்டுபோய்விடும். செடி ஏறும் நேரம் முழுக்க மிச்சம். இதைத்தான் "ராங் வார்ப்" என்கிறார்கள்.

மாரியோவைத் தள்ள என்ன வழி? கற்களின் பக்கவாட்டில் குறிப்பிட்ட விதமாக மோத வேண்டும். சுவருக்குள் சிக்கிய மாரியோவை கேம் வெளியே தள்ளிவிடும்போது அவர் சில பிக்சல் முன்னே போவார், திரை நகராது. இப்படிச் சேர்த்துச் சுமார் 20 பிக்சல் வேண்டும். ஆனால் ஒவ்வொரு மோதலிலும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பஸ் போய்விடும். போதுமான அளவு மோத வேண்டும், அதிகமாக மோதக் கூடாது, மோதிய பிறகு வேகத்தை உடனே மீட்க வேண்டும்.

நான் எமுலேட்டரில் இந்த இடத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மோதலின்போதும் மாரியோ வலது பக்கம் சில பிக்சல் விலகுவது அப்படிப் பார்த்தால்தான் கண்ணில் படும். முழு வேகத்தில் ஓட்டினால் ஏதோ தடுக்கியதுபோலத்தான் தெரியும். அந்தத் தடுக்கலுக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்று புரிந்த பிறகு எந்த ஓட்டத்தைப் பார்த்தாலும் 4-2 வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். இதை இன்னும் ஒரு பஸ் முன்னால் பிடிக்கும் வேகமான வழிகளை ஆட்டக்காரர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடித்தார்கள். இருப்பதிலேயே கடினமானதற்கு "லைட்னிங் 4-2" என்று பெயர்.

எண்கள் விழுந்த கதை

2014ல் பிளப்பர் என்ற ஆட்டக்காரர் 4:57.69 என்ற நேரத்தோடு கார்டிகிஸின் ரெக்கார்டைத் தாண்டினார். அடுத்து வந்தவர் டார்பியன். 2016 ஏப்ரலில் 4:57.260. அதே வருடம் அக்டோபரில் 4:56.878. இரண்டுக்கும் இடைவெளி 23 ஃபிரேம். ஒரு பஸ்ஸும் கொசுறாக இரண்டு ஃபிரேமும் சேர்ந்த அளவு. அதற்கு ஆறு மாத உழைப்பு.

டார்பியனை நான் மதிப்பது அந்த எண்களுக்காக மட்டும் இல்லை. ரெக்கார்டைக் கையில் வைத்திருந்தபடியே, தான் ஓடும் முறையை லெவல் லெவலாக விளக்கிப் பாடம் எடுத்தவர் அவர். தன்னை வீழ்த்த வருபவருக்கு வேண்டிய ஆயுதத்தை அவரே கையில் கொடுத்தார். பிஸ்மத் என்ற யூடியூபர் மாரியோ ஓட்டத்தை ஃபிரேம் கணக்கோடு விளக்கிய வீடியோவைப் பார்த்துத்தான் கேமையே தொடாத பலரும் இந்த உலகத்துக்குள் வந்தார்கள்.

பலன் உடனே தெரிந்தது. அடுத்த சில வருடங்களில் காஸ்மிக், சம்வெஸ், மினிலேண்ட் என்று புதிய பெயர்கள். டாஸுக்கு மட்டுமே உரியவை என்று ஒதுக்கிய தந்திரங்கள் ஒவ்வொன்றாக மனிதர் கைக்கு இறங்கின. 4:56 உடைந்தது, 4:55 நெருங்கியது. காஸ்மிக்கும் ரெக்கார்ட் வைத்திருந்தவர், அதோடு விடாமல் விளக்க வீடியோக்கள் செய்து வருபவர். இந்த கேமின் சாதனையாளர்களிடம் ஆசிரியர் குணம் தொடர்ந்து வருவதைக் கவனியுங்கள்.

2021 ஏப்ரலில் நிஃப்ட்ஸ்கி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 4:54.948 ஓடினார். 4:55க்குக் கீழே மனிதர் ஒருவர் போனது அதுவே முதல் முறை. அவர் கன்ட்ரோலரில் ஆடவில்லை, கீபோர்டில் ஆடினார். இது சிலருக்கு நெருடலாக இருந்தது. பழைய கன்ட்ரோலரில் இடதும் வலதும் ஒரே நேரத்தில் அழுத்த முடியாது, கீபோர்டில் முடியும், அப்படி அழுத்தினால் கேமில் தேவையற்ற அனுகூலம் கிடைக்கும். அதற்காகச் சமூகம் கீபோர்டைத் தடை செய்யவில்லை; இடது வலது இரண்டையும் சேர்த்து அழுத்துவதைத் தடை செய்தது. விலை கொடுத்துப் பழைய கருவி வாங்க முடியாத ஒருவருக்கும் இந்தப் போட்டியில் இடம் இருக்க வேண்டும், அதே நேரம் யாருக்கும் கூடுதல் சலுகை இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே விதியில் காப்பாற்றிய முடிவு அது. எனக்கு அது மிக நியாயமாகப் படுகிறது.

2023 செப்டம்பரில் அதே நிஃப்ட்ஸ்கி 4:54.631. தன் முதல் 4:54ல் இருந்து குறைத்தது 19 ஃபிரேம். அதற்குப் பிடித்த காலம் இரண்டு வருடம் ஐந்து மாதம். முன்னே சொன்ன டாஸ் நேரத்துக்கும் இதற்கும் இடையே அப்போது மிச்சம் இருந்தது 22 ஃபிரேம். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதன் பிறகும் இந்த எண் ஃபிரேம் ஃபிரேமாகக் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.

கடைசி லெவலின் கொடுமை

இந்த உயரத்தில் என்ன நடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ஏழு லெவல்களில் ஒவ்வொரு பஸ்ஸையும் பிடித்தாயிற்று. நான்கு நிமிடத்துக்கு மேல் ஒரு தவறும் இல்லை. இப்போது 8-4. பஸ் கிடையாது, ஒவ்வொரு ஃபிரேமும் நேரடியாகக் கணக்கில் ஏறும். பைப்களின் புதிர்வழி, பிறகு நீந்த வேண்டிய அறை, பிறகு சுத்தியல் எறியும் ஹேமர் பிரதர், கடைசியில் பவுசர். ஹேமர் பிரதர் எந்தப் பக்கம் குதிப்பார், சுத்தியலை எப்போது எறிவார் என்பதைப் பொறுத்து எத்தனையோ ரெக்கார்டுகள் கோடரிக்குச் சில அடி முன்னால் செத்திருக்கின்றன.

சில ஆட்டக்காரர்கள் நேரலையில் தங்கள் இதயத் துடிப்பைத் திரையில் காட்டிக்கொண்டே ஓடுவார்கள். 4-2 வரை சாதாரணமாக இருக்கும் எண், எட்டாம் உலகத்தில் மளமளவென்று ஏறும். உட்கார்ந்த இடத்தில், இரண்டு கட்டைவிரல்களை மட்டும் அசைக்கும் ஒருவரின் துடிப்பு ஓட்டப் பந்தய வீரரின் துடிப்பாக மாறும். இது விளையாட்டே இல்லை என்று சொல்பவர்கள் அந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எனக்குத் தோன்றுவது

இந்த வரலாற்றில் "இது மனிதரால் முடியாது" என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. கொடிக்கம்பத் தந்திரத்துக்குச் சொன்னார்கள். புல்லட் பில்லுக்குச் சொன்னார்கள். லைட்னிங் 4-2க்குச் சொன்னார்கள். அன்றைக்கு அப்படிச் சொன்னவர்கள் திறமையற்றவர்கள் இல்லை. பெரும்பாலும் அவர்கள்தான் உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள். ஆனால் அவர்கள் தங்கள் காலத்து அறிவை வைத்துச் சொன்னார்கள். பிறகு ஒருவர் அதைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்தார். பயிற்சிக்கென்றே கேமை மாற்றி எழுதி, பஸ்ஸைப் பிடித்தோமா இல்லையா என்பதைத் திரையிலேயே காட்டும்படி சில ஆர்வலர்கள் செய்தார்கள். அதை விலை வைக்காமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். முடியாதது கடினமானதாக மாறியது, கடினமானது பாடமாக மாறியது.

இதில் யாராவது ஒருவர் தன் தந்திரத்தை மூடி வைத்திருந்தால்? சில வருடம் அவர் பெயர் பட்டியலில் முதலில் இருந்திருக்கும். எண் அங்கேயே நின்றிருக்கும். இந்தச் சமூகம் மறைக்காமல் இருந்ததால்தான், தன்னந்தனியாக ஒருவர் எட்டியிருக்கவே முடியாத இடத்துக்கு எல்லோருமாகச் சேர்ந்து வந்திருக்கிறார்கள். ரெக்கார்ட் ஒருவருடையது, முறை எல்லோருடையது. இசை, சமையல், மருத்துவம், நிரலாக்கம் என்று எந்தத் துறையாக இருந்தாலும், தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதி வைத்துப் பிறருக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கும் இடம்தான் வளரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 40 கிலோபைட் கேம் ஒன்று எனக்கு அதற்குச் சாட்சி.

யூடியூபில் ஒரு 4:54 ஓட்டத்தைத் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. 1-1ல் கொடி இறங்குகிறதா என்று பாருங்கள். 4-2ல் மாரியோ தடுக்கும் இடத்தைப் பாருங்கள். 8-2ல் அந்த புல்லட் வருகிறதா என்று பாருங்கள். பிடித்துப்போனால் முழு கேமையும் வேகமாக ஆட வேண்டிய அவசியம் இல்லை, 1-1ஐ மட்டும் எடுத்துப் பழகுங்கள். பழகும்போது ஏதாவது புதிதாகக் கண்ணில் பட்டால் அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். யாரோ ஒருவருக்கு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கக் குறைகிற ஃபிரேம் அதுவாகவே இருக்கலாம்.